அய்யோவில் பாதி

மொட்டைமேடு, ஓஹாக்கா, மெக்சிகோ.
மே 6, புதன்கிழமை.

தண்ணீர் முறைப் பிரிவின் தலைமை இன்ஜினியரும், என் மனைவி ஓனோரினாவின் கூடப்பிறந்த தம்பியும், என் மகள் எதெல்மீராவுக்குத் தாய்மாமனும், வரும் சனிக்கிழமை அவள் கல்யாணத்தில் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவருமான மச்சான் ஃபிதென்சியோ அவர்களின் மேலான சமூகத்துக்கு, அபுந்தியோ சிபாஹா கைகூப்பி எழுதிக்கொள்வது.

புனித இசிதோரின் அருளால் இங்கே எல்லோரும் சுகம், குளிக்கவில்லை, அவ்வளவுதான். அங்கே சுகமா என்று விசாரிப்பதுதான் முறை. ஆனால் உங்கள் வீட்டுப் புல்தரை இந்த வெயிலிலும் பச்சையாக இருப்பதைப் போன வாரம் கதவிடுக்கு வழியாக நானே பார்த்துவிட்டதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். கதவருகே நான் ஏன் வந்தேன் என்பது பின்னால் வருகிறது.

திங்கட்கிழமை மாலை நீங்கள் போனில் சொன்னதை ஓனோரினா சோளமாவு ஒட்டிய கையோடு கேட்டு, ஒரு சொல் விடாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டாள். நான் என் கையெழுத்தில் மூன்று வரி எழுதித் தர வேண்டும். ஒன்று, சுவரொட்டியில் குளியல்தொட்டிக்குள் படுத்திருப்பவர் நீங்கள் அல்ல. இரண்டு, மொட்டைமேட்டுக்குத் தண்ணீர் முறைப்படி வருகிறது. மூன்று, ஒட்டியதையெல்லாம் நாங்களே உரித்துவிடுவோம். அதை உங்கள் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பீர்கள். இல்லையென்றால் கல்யாணத்துக்கு வரமாட்டீர்கள். மச்சான், ஞானத்தகப்பன் இல்லாமல் பூசையை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். அதற்குப் பிறகு நம் வழக்கப்படி வான்கோழியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியவர் நீங்கள். எனக்கு முதுகு சரியில்லை, வான்கோழி பதினோரு கிலோ. அதையும் விடுங்கள், தாய்மாமன் வராத கல்யாணத்தில் அம்மா எந்த முகத்தோடு நிற்பாள் என்று எதெல்மீரா இரண்டு நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே மூன்று வரியையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிட்டால் வரிகள் தாமாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

எனக்கு அரசியல் கிடையாது. முப்பத்துநாலு வருஷம் பத்திரிகை ஆபீசில் பிழைதிருத்துநராக இருந்தவன். கவர்னர் பேச்சு, கொலைச் செய்தி, இரங்கல், மூலநோய் விளம்பரம் எல்லாம் என் கண் வழியாகத்தான் போயிற்று. எதையும் நம்பியதில்லை, கால்புள்ளியை மட்டும் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. மருந்துச் சீட்டு, பஸ் பலகை, கல்லறை வாசகம், எது எதிரே வந்தாலும் கை துறுதுறுக்கும். கல்லறைத் தோட்டத்தில் ஒரு குடும்பமே என்னை அடிக்க வந்தது தனிக் கதை. மார்ச் இருபதாம் தேதி எங்கள் குழாயில் தண்ணீர் நின்றது. பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. ஓனோரினா அடிவாரத்துக் குழாயிலிருந்து நூற்றுப் பதினாலு படி ஏறித் தண்ணீர் சுமந்தாள். நான் நிழலில் உட்கார்ந்து வீட்டுக் காலண்டரில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாளியை இறக்கி வைத்துவிட்டு அவள், “காலண்டரத் திருத்தி என்ன ஆகப்போகுது? எந்திரிச்சு எங்கயாச்சும் போங்க, மனுசனப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது” என்று சொல்லிவிட்டாள். நான் போய் நின்ற இடம் லியோபாவின் பட்டறை.

லியோபாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்பது வயது, ஒல்லி, விரலிடுக்கெல்லாம் மை. வாத்தியார்கள் சாலை மறித்த காலத்திலிருந்து இந்த ஊர்ச் சுவர்களில் எந்தக் கோபம் ஒட்டியிருந்தாலும் அதில் பாதி அவள் செதுக்கிய அச்சுக்கட்டையிலிருந்து வந்ததுதான். மேட்டின் பொதுச் சலவைக் கூடத்தில் பதினாறு துவைகல் உண்டே, தண்ணீர் இல்லாத சலவைக் கூடத்தில் யாருக்கு என்ன வேலை என்று அவள் உளி, உருளை, மைடப்பா எல்லாவற்றையும் கொண்டுவந்து அங்கே கடை விரித்துவிட்டாள். துவைகல்லின் மேல் அச்சுக்கட்டை, துணி காயப்போடும் கயிற்றில் ஈரச் சுவரொட்டி. நான் நிழலுக்காகத்தான் அங்கே போய் உட்கார்ந்தேன். முப்பதாம் நாள் அதே இடத்தில் ஊர்க்கூட்டம் கூடி, சுவரொட்டி ஒன்று அடித்து நகரம் முழுக்க ஒட்டுவது என்று முடிவாயிற்று. என்ன வாசகம் போடுவது என்பதில்தான் இழுபறி. பள்ளிக்கூட வாத்தியார் அறுபத்துநாலு சொல்லில் ஒன்று எழுதிக்கொண்டு வந்தார், அதில் அரசியல் சட்டப் பிரிவு மட்டுமே மூன்று. கூட்டத் தலைவி காஸ்துலா அம்மா கேட்டுவிட்டு, இதைச் செதுக்கி முடிப்பதற்குள் மழைக்காலமே வந்துவிடும், சுருக்குங்கள் என்றார். சுருக்கினார்கள். ஆளுக்கொரு சொல்லாக வெட்டி வெட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்: ‘யா’, எழுத்தில் Y, A. போதும், இப்போதே என்று இரண்டையும் ஒரே வாயில் சொல்லிவிடும் சொல். உங்கள் ஆபீசில் அதிகம் புழங்காது என்பதால் பொருளையும் எழுதுகிறேன்.

மேட்டில் வீட்டுக்கொருவர் கூலியில்லாமல் ஊர்வேலை செய்தாக வேண்டும், தெக்கியோ. மணல் சுமக்க முதுகு இல்லாதவன் என்பதால் என் பங்காக எழுத்து வேலை ஒதுக்கினார்கள். படத்தை லியோபா செதுக்குவாள், வாசகத்தைப் படித்த மனுஷன் செதுக்கட்டும் என்று காஸ்துலா அம்மா சொன்னபோது, பொய் சொல்வானேன் மச்சான், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆயுள் முழுக்க அடுத்தவன் எழுத்தைத் திருத்தியவனுக்கு முதல்முதலாகச் சொந்தமாக இரண்டெழுத்து.

இங்கேயே முதல் வரியை முடித்துவிடலாம். படத்தில் ஒரு மீசைக்காரர் குளியல்தொட்டியில் கழுத்துவரை நுரையோடு படுத்திருக்கிறார், கால் இரண்டும் வெளியே, தொட்டியைச் சுற்றிக் காலி வாளிகள். அது நீங்கள் அல்ல. அதற்கு ஆதாரம் என்னிடம் இருக்கிறது: உங்களுக்கு மரு இடது கன்னத்தில், படத்திலிருப்பவருக்கு வலது கன்னத்தில். இன்னொன்று, அவர் சிரிக்கிறார். அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி விழும், ஆகவே மருவும் மாறியிருக்கும் என்று சில விஷமிகள் சொல்லக்கூடும். எங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்கள் நடுவில் நிற்கும் குடும்பப் படம் மாட்டியிருந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும் இருப்பதையும் அவர்கள் கவனித்திருக்கக்கூடும். அந்தப் படத்தை லியோபாவுக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஓனோரினாவிடம் கேட்டேன், பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆகவே முதல் வரி: சுவரொட்டியில் இருப்பவர் இன்ஜினியர் ஃபிதென்சியோ அல்ல. எழுதியாகிவிட்டது, ஒன்று முடிந்தது.

அந்த வாரம் லியோபா மை வாங்க வெளியூர் போனாள். போகும்போது கட்டையில் எழுத்தைக் கரியால் வரைந்து வைத்துவிட்டு, “கோட்டுமேலயே உளி போகட்டும் வாத்தியாரே, வேற ஒண்ணும் யோசிக்காதீங்க” என்று சொல்லிப் போனாள். மறுநாள் காலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தால், மச்சான், என்ன வரைந்திருந்தாள் தெரியுமா? ‘அய்’. A முன்னால், Y பின்னால்; அய்யோ என்று கத்தத் தொடங்கிப் பாதியில் மூச்சு நின்றால் வருமே, அது. இரண்டு எழுத்தும் இடம் மாறிக் கிடந்தன. போதாக்குறைக்கு வியப்புக்குறி. முன்னால் நிற்பது தலைகீழாகவும் பின்னால் நிற்பது நிமிர்ந்தும் இருக்க வேண்டும் என்பது நமக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம்; அங்கே முன்னது நிமிர்ந்தும் பின்னது தலைகீழாகவும் நின்றன. இரண்டே எழுத்து, இரண்டே குறி, நாலும் தப்பு. என் உத்தியோக வாழ்க்கையில் அப்படி ஒரு புரூஃபை நான் பார்த்ததில்லை. பாவம், கைத்திறன் இருக்கிறது, படிப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டு சட்டைக் கையாலேயே அழித்து, ‘யா’ என்று சரியாக வரைந்து, குறிகளையும் ஒழுங்காக நிறுத்தி, இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கினேன். இடது கைப் பெருவிரலில் மூன்று வெட்டு. கட்டையில் நேராக இருப்பது தாளில் மாறி விழும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பிழையைக் கண்டால் என் மூளை வேலையை நிறுத்திக்கொள்ளும், கை மட்டும்தான் ஓடும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகளாகப் பார்த்து அந்தச் சொல் அமைந்தது என் தலையெழுத்து. வேறு எழுத்தாக இருந்திருந்தால் கோணலாக வரைந்ததைப் பார்த்ததுமே எனக்குச் சுரீர் என்றிருக்கும்.

சனிக்கிழமை அச்சு. அந்த அளவுக் கட்டை எந்த அச்சுப்பொறியிலும் நுழையாது, காலால் மிதித்துத்தான் எடுக்க வேண்டும். மை தடவி, தாள் போட்டு, மேலே ஒரு கம்பளி விரித்து, ஐந்து பெண்கள் ஏறி நின்று பாட்டுப் பாடி ஆடினார்கள். இதற்குள் அந்தப் பக்கம் பசை கொதித்துக்கொண்டிருந்தது. பசைக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்பீர்கள். ஓனோரினாவும் இன்னும் எட்டு வீட்டுப் பெண்களும் சுண்ணாம்பு போட்டுச் சோளம் அவித்த மஞ்சள் தண்ணீரைக் கீழே ஊற்றாமல் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அதில் மைதாவைக் கரைத்துக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. நான்தான் முதல் தாளை உரித்தேன். பாட்டு நின்றது. ‘அய்’.

லியோபா தாளைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“யாரு இதத் திருத்துனது?”

பதினாறு துவைகல்லும் என்னையே பார்த்தன. தப்பாக இருந்ததால் திருத்தினேன் என்று சொன்னேன். அதற்கு அவள் சொன்னதில் பாதியை எழுத முடியாது, அச்சில் வராது. அறுத்து மாற்றிவிடலாம் என்று பார்த்தார்கள், எழுத்து இரண்டும் தொட்டிக் காலோடு பின்னிக் கிடந்தன. வேறு கட்டை செதுக்கலாம் என்றால் பசை நாளையைத் தாண்டினால் புளித்துவிடும், இன்னொரு தரம் காய்ச்ச மேட்டில் தண்ணீர் இல்லை. எல்லோரும் தலையில் கை வைத்து நின்றபோது காஸ்துலா அம்மா தாளை வாங்கிக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

“ஒட்டுங்கடி,” என்றார். “தண்ணி இல்லன்னுதான சொல்ல வந்தோம். அது இதுலயும் தெரியுது.”

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரே கால்பந்து இறுதியாட்டம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில், அடித்த முந்நூறு தாளையும் நகரத்திலும் எங்கள் மேட்டுச் சுவர்களிலுமாக ஒட்டி முடித்தார்கள். உங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியது நான் அல்ல. நான் பசை வாளியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், புல்தரையைப் பார்த்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை ஊர் சிரித்தது. என் பழைய பத்திரிகையே படத்தைப் போட்டு, ‘அய்’ என்றொரு புதிய இயக்கம் தோன்றியிருக்கிறது, அதன் கொள்கை இன்னும் தெரியவரவில்லை என்று எழுதிற்று. என் இடத்துக்கு வந்தவன் வியப்புக்குறி இரண்டையும் செய்தியில் திருத்தி வைத்திருந்தான். அவனாவது பிழைக்கத் தெரிந்தவன். கூட்டத்தில் என்னை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளைச் சொல்லி உங்களை மகிழ்விக்க விரும்பவில்லை. மேட்டை விட்டே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். செவ்வாய்க்கிழமை ரொட்டிக் கடையில் ஒரு பெண், விலையைக் கேட்டுவிட்டு, ‘அய்’ என்றாள். கடை முழுக்கச் சிரித்தது, ஆனால் என்னைப் பார்த்து அல்ல. மாலைக்குள் காலி வாளிகளில் எல்லாம் யாரோ கரியால் ‘அய்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். வண்டிக்காரர் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக ‘அய்’ என்றார். பாதிரியார்கூட ஒருநாள் பிரசங்கத்தில் மழைக்காக மன்றாடப்போய், நடுவில் மூச்சு வாங்கி, தெரியாமல் சொல்லிவிட்டார்.

போன புதன்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனால் நீங்கள் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தீர்கள், ஆகவே இந்தப்பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நாற்பது பெண்கள் உங்கள் ஆபீஸ் ஜன்னல் முன் வந்து நின்றார்கள். குமாஸ்தா, இன்ஜினியர் இல்லை என்றார். நாற்பது பேரும், ‘அய்’ என்றார்கள். மனுவை எழுத்தில் கொடுங்கள் என்றார். ‘அய்’. நாளை வாருங்கள் என்றார். ‘அய்’. கடைசியில் நீங்களே வந்து கதவை ஒரு சாண் திறந்து கேட்டீர்கள்.

“ஏம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்?”

‘அய்.’

நீங்கள் கதவைச் சாத்திய பிறகு உள்ளேயிருந்தும் ஒரு சின்ன ‘அய்’ கேட்டது. உங்கள் டைப்பிஸ்ட் அம்மாவுடைய குரல் என்று சொல்கிறார்கள், நான் நம்பவில்லை. அன்றைக்குத்தான் மச்சான், என் மனசு கொஞ்சம் சமாதானமாயிற்று. ‘யா’ என்று கேட்டிருந்தால் நீங்கள் ‘இன்னும் இல்லை’ என்று பதில் சொல்லியிருப்பீர்கள், பதினோரு வருஷமாக அதைத்தானே சொல்கிறீர்கள். ‘அய்’க்கு எந்தப் பிரிவிலிருந்து பதில் எழுதுவது?

வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கதவு நடுங்கியது. வெளியே வந்து பார்த்தால் பின்பக்க மண்பாதையில் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஏறி வருகிறது. அந்தப் பாதையில் லாரி ஏறாது என்று நீங்களே எழுத்தில் கொடுத்த கடிதங்கள் காஸ்துலா அம்மாவிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஏறியது, மச்சான். பின்சக்கரம்கூட வழுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஓடினோம், பாதிரியார் மணியடித்தார், ஒரு அம்மா டிரைவரின் கையை முத்தமிட்டுவிட்டாள். அவர் கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரவில்லை, சுவரொட்டியைக் கழுவ உத்தரவு என்றார். கீழே நெடுஞ்சாலையில் பெரிய மனிதர்கள் காரில் போகும்போது எங்கள் வீட்டுச் சுவர்கள் கண்ணில் படுகின்றனவாம். குழாயைப் பிடித்துச் சுவரில் பீய்ச்சினார். சோளத் தண்ணீர்ப் பசை அப்போதுதான் தன் குணத்தைக் காட்டியது. தாள் அசையவில்லை. தொட்டிக்காரர் சிரித்தபடியே நனைந்தார். சுவருக்கடியில் முதலில் யார் வாளியை வைத்தது என்று தெரியாது. ஐந்து நிமிஷத்தில் மேடு முழுக்கச் சுவரோரம் வாளி, அண்டா, குழந்தை குளிப்பாட்டும் தொட்டி, பிணம் குளிப்பாட்டும் தகரத்தொட்டிகூட வந்துவிட்டது. டிரைவர் நல்ல மனுஷன், மெதுவாகவே பீய்ச்சினார். எங்களுக்கு மூன்று வாளி கிடைத்தது. கொஞ்சம் கறுப்பாக இருந்தது, ஆனால் ஓனோரினா அன்றைக்குத் தலை குளித்தாள்.

பிறகு நடந்ததற்கு யாரும் திட்டம் போடவில்லை. ஒருவருக்குத் தோன்றியதே எல்லோருக்கும் தோன்றியது. வெள்ளிக்கிழமை நூறு புதிதாக ஒட்டினார்கள், சனிக்கிழமை காலை லாரி. ஞாயிற்றுக்கிழமை இருநூறு, திங்கட்கிழமை காலை லாரி. சுவரில் வழிந்த தண்ணீரிலேயே அடுத்த பசையும் காய்ச்சிக்கொண்டார்கள். நாற்பத்தைந்து நாளாக எங்களைக் கைகழுவி விட்டிருந்த ஆபீஸ், எங்கள் சுவரைக் கழுவ மூன்று லாரி அனுப்பியிருக்கிறது. மேட்டின் சரித்திரத்தில் நேரம் தவறாமல் வந்த தண்ணீர் இது ஒன்றுதான். இதையெல்லாம் உரித்துவிடு என்று நீங்கள் கேட்கிறீர்கள். உரிக்கிறேன், ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இனி இரண்டாவது வரி. ‘மொட்டைமேட்டுக்குத் தண்ணீர் முறைப்படி வருகிறது.’ நேற்றிலிருந்து ஏழு தாள் கிழித்துவிட்டேன். இலக்கணத்தில் குறையில்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. இதைவிடப் பெரிய பொய்களுக்கெல்லாம் கால்புள்ளி வைத்து அனுப்பியவன்தான் நான். ஆனால் அவை யார் யார் வீட்டுப் பொய்களோ, இது என் மனைவியின் முழங்காலைப் பற்றிய பொய். நேற்று மாலை அவள் அறுபதாவது படியில் வாளியோடு உட்கார்ந்துவிட்டாள். நான் மேலேயிருந்து இறங்கிப் போனேன், வாளியைக் கொடுக்கவில்லை. உங்களை நாலு வார்த்தை திட்டுவாள், கூடவே நானும் திட்டலாம் என்று ஆவலாகத்தான் நின்றேன்.

“ஃபிதென்சியோ வரணும்,” என்றாள். “அவன் கேக்குறத எழுதிக் குடுத்துருங்க. எம் பிள்ள கல்யாணத்துல எந்தம்பி இல்லாம நான் எப்படி நிக்கிறது?”

எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, அவள்மேல் வந்த பிரியத்துக்கும் அளவில்லை. படியில் உட்கார்ந்து இரண்டு பேருமாக அழுதோம், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஆகவே இதோ எட்டாவது தாள், இதைக் கிழிக்கப்போவதில்லை: மொட்டைமேட்டுக்குத் தண்ணீர் முறைப்படி வருகிறது. மூன்றாவது வரி: ஒட்டியதையெல்லாம் நாங்களே உரித்துவிடுவோம். மூன்றும் எழுதியாகிவிட்டது. அறிவிப்புப் பலகையில் குத்துங்கள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயிலுக்கு வந்துவிடுங்கள், வான்கோழி உங்கள் தோளுக்காகக் காத்திருக்கிறது.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்கள் பிள்ளைகள் படித்து, தங்களைவிடப் பெரிய உத்தியோகத்துக்குப் போய், என்னைவிடச் சின்ன கடிதம் எழுதும் உறவினர்களைப் பெற வேண்டுமென்று வாழ்த்துகிறேன். எல்லா மரியாதையோடும், கழுவாத கைகளோடும்,

அபுந்தியோ சிபாஹா.

பின்குறிப்பு, வியாழக்கிழமை: கவரை ஒட்டப்போகும்போது காஸ்துலா அம்மா வந்துவிட்டார். மேட்டிலிருந்து எந்த அதிகாரிக்குப் போகும் கடிதமும் கூட்டத்தில் வாசித்த பிறகே போக வேண்டும் என்பது விதி. சொந்த மச்சானானாலும் அதிகாரி அதிகாரிதானாம். வேறு வழியில்லாமல் நானே வாசித்தேன். மரு வந்த இடத்தில் சிரித்தார்கள், லாரி வந்த இடத்தில் கைதட்டினார்கள். இரண்டாவது வரியை வாசித்ததும் இருநூறு பேரும் ஒரே குரலில், ‘அய்’ என்றார்கள். எல்லோரும் ஓனோரினாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து என் கையிலிருந்த தாளை வாங்கி லியோபாவிடம் கொடுத்தாள்.

“அவன் வரணும்னுதான் சொன்னேன்,” என்றாள். “ஆனா இந்த வரிய ஒரு பலகையில குத்தி என்ன பிரயோசனம்? பெருசாப் போடு, லியோபா. எந்தம்பி கேட்டு வாங்குன வரி, ஊரே படிக்கட்டும்.”

ஆகவே, மச்சான், நீங்கள் கையில் வைத்திருப்பது நான் எழுதிய தாள் அல்ல. லியோபா ஸ்கிரீன் பிரிண்டிங்கில் எடுத்த முந்நூறில் ஒன்று. இரண்டாவது வரி மட்டும் ஒரு முழ உயரத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மிச்சமுள்ளவற்றை நாளை மதியம் எங்கள் வீட்டுச் சுவரிலும், கோயில் சுவரிலும், நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் எல்லாச் சுவரிலும் ஒட்டுகிறோம். பசை அதே பசைதான். மூன்றாவது வரியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கல்யாணத்துக்கு இருநூற்றைம்பது பேர், சமையல்காரி அடுப்பு மூட்டுவது ஆறு மணிக்கு, ஆகவே சனிக்கிழமை லாரியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாக அனுப்பி வைக்க வேண்டுகிறேன். டிரைவருக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாகத்தான் வருகிறது. நீங்களும் அதில் ஏறிக்கொண்டால் பூசைக்கு நேரத்தோடு வந்துவிடலாம்.